கிளம்பும் முன்பே வந்து சேர்ந்த கோப்பு

ஒரே மதியத்தில் என் கையிலிருந்து கத்தரிக்கோல் மூன்று முறை விழுந்தது. முதல் முறை தரையில். இரண்டாம் முறை என் செருப்பின் மேல். மூன்றாம் முறை வாடிக்கையாளரின் மடியில், முனை கீழ்ப்பக்கமாக. அவர் கண்ணியமான மனிதர். பாதி வெட்டிய தலையோடு எழுந்து, "மீதியை நாளைக்குப் பாத்துக்கலாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனவர் இன்றுவரை திரும்பி வரவில்லை. அந்த மீதியை யார் வெட்டினார்களோ தெரியாது.

நான் பதினான்கு வருடமாக முடி வெட்டுகிறேன். பவர்கட் ஆனாலும் கை நிற்காது. அதனால் மூன்றாம் முறை விழுந்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பழைய ஆள் திரும்பி வந்திருக்கிறார்.

பழைய ஆள் என்பது என் நோய். மூச்சு வாங்காமல் சொல்ல முடியாத ஒரு பெயர் அதற்கு உண்டு, அது நமக்கு வேண்டாம். மின்கம்பிக்கு மேலே ஓர் உறை இருக்கும் அல்லவா, அதைப்போல நரம்புக்கும் ஒன்று இருக்கிறது. என் உடம்பு அதை எதிரி என்று நினைத்து அரித்துவிடும். முதலில் பாதம் மரத்துப்போகும், அப்புறம் விரல் சொன்ன பேச்சு கேட்காது, அப்புறம் மாடிப்படியைப் பார்த்தாலே அழுகை வரும். லட்சம் பேரில் இரண்டு மூன்று பேருக்குத்தான் வருமாம். எந்தக் குலுக்கலிலும் ஒரு டம்ளர்கூட விழாத எனக்கு இது விழுந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருமுறை வந்தபோது ஐந்து நாள் டிரிப்ஸில் மருந்து ஏற்றினார்கள், போய்விட்டது. கர்ப்பத்தில் திரும்பி வந்தாலும் வரலாம் என்று அப்போதே எச்சரித்தார்கள். வந்தால் அதே மருந்தைக் கொடுக்கலாம், குழந்தைக்கு ஆபத்தில்லை என்றும் சொல்லியிருந்தார்கள். இப்போது வயிற்றில் ஐந்து மாதம். நோய் தெரியும், மருந்து தெரியும், மருந்து இருக்கும் குளிர்பெட்டியும் தெரியும். கவலைப்பட ஒன்றுமில்லை என்று நினைத்தேன். கோப்பு என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டேன்.

எங்கள் மருத்துவமனையில் நரம்புத் துறை ஆறாவது மாடியில் இருக்கிறது, பிரசவத் துறை இரண்டாவது மாடியில். நரம்புத் துறைத் தலைவருக்குத் தலையில் மொத்தம் ஒன்பது முடி. ஒன்பதையும் இடது காதிலிருந்து வலது காதுவரை இழுத்துப் படிய வைத்திருந்தார். உள்ளதைக் கொண்டு இவ்வளவு வேலை வாங்குகிறவர் திறமைசாலியாகத்தான் இருப்பார் என்று நம்பினேன். அவருக்குப் பின்னால் பதினோரு மாணவர்கள் நின்றார்கள்.

"எல்லாரும் நல்லா பாத்துக்குங்க" என்றார் அவர். "இந்த நோயும் கர்ப்பமும் சேந்து வர்றது ரொம்ப அபூர்வம். இப்படி ஒரு கேஸுக்காக நான் இருபத்திரண்டு வருஷமா காத்துட்டிருக்கேன்."

எனக்காக ஒருவர் இருபத்திரண்டு வருடம் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரரே எட்டு மாதம்தான் காத்திருந்தார்.

பதினோரு பேரும் வரிசையாக வந்து சிறு சுத்தியலால் என் முழங்காலில் தட்டினார்கள். நல்ல முழங்கால் என்றால் எகிறும். என்னுடையது எதுவும் நடக்காத மாதிரி தொங்கியது. ஒவ்வொரு முறை அது தொங்கும்போதும் தலைவர் முகத்தில் ஒரு பூரிப்பு. "பாத்தீங்களா? ஒண்ணுமே இல்ல! அருமை!"

"மருந்து எப்ப சார் ஏத்துவீங்க?" என்று கேட்டேன்.

"மருந்தா? அது இப்பவே எழுதிடறேன்மா. அதுல சுவாரசியமா எதுவும் இல்ல."

எழுதினார். கீழே ஒரு முத்திரை குத்தினார். நோயாளி கர்ப்பிணி என்பதால் பிரசவத் துறையின் இசைவு பெற்ற பிறகே மருந்து வழங்கப்படும். இச்சீட்டு மூன்று நாட்களுக்கு மட்டும் செல்லும்.

நான் கோப்பை எடுத்துக்கொள்ளக் கை நீட்டினேன். அறையே பதறிவிட்டது. நோயாளி தன் கோப்பைத் தொடக்கூடாதாம். தொட்டால் படித்துவிடக்கூடும். கோப்பு தள்ளுவண்டியில்தான் போகும்.

அது நான்காவது நாள் இரண்டாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தது.

பிரசவத் துறைத் தலைவிக்குக் குட்டையாக வெட்டிய தலைமுடி. அதை வெட்டியவரைத் தேடிப்போய்க் கைகுலுக்க வேண்டும், அப்படி ஒரு நேர்த்தி. தலைக்கு உள்ளே அவ்வளவு கவனமாக யாரும் வேலை பார்த்திருக்கவில்லை.

"குழந்தை பிரமாதமா இருக்கு" என்றார்.

"எனக்குத்தாங்க கை கால் வரலை."

"கை எங்க எல்லையில வராதும்மா. காலும் முட்டி வரைக்கும்தான். எங்க துறையோட சாதனை என்ன தெரியுமா? போன வருஷம் எங்க அறிக்கையில தாயைப் பத்தி ஒரு புகார்கூட இல்ல."

"எப்படிங்க?"

"தாய்னு ஒரு கட்டமே அதுல கிடையாது."

நல்ல மனசுக்காரி. உடனே இசைவுக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால் சீட்டு முந்தைய நாளே காலாவதியாகிவிட்டது. புதுச் சீட்டுக்குக் கோப்பு மறுபடி ஆறாவது மாடிக்கு ஏறியது. அதற்கு நான்கு நாள். புதுச் சீட்டு எழுதினார்கள், ஆனால் இசைவும் மூன்று நாள்தான் செல்லும் என்பதால் அது செத்துப்போயிருந்தது. மறுபடி கீழே. மூன்று நாள் உயிர் உள்ள சீட்டு, நான்கு நாள் பயணம். யாரோ உட்கார்ந்து யோசித்துத்தான் இதை அமைத்திருக்க வேண்டும், தற்செயலாக இவ்வளவு கச்சிதம் வராது.

இப்படி மூன்று வாரத்துக்கு மேல் ஓடியது. பொத்தான் போட முடியவில்லை. சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாய் ரிப்பேர் செய்கிறவர், எங்கே அடைத்தாலும் பொறுமையாகக் காத்திருந்து எடுப்பவர். "சிஸ்டம்னு ஒண்ணு இருக்குல்ல, நம்ம முறை வரும்" என்றார். குழாயில் அடைப்பு என்றால் அவர் குத்தி எடுப்பார். ஆபீஸில் அடைப்பு என்றால் கைகட்டி நிற்பார்.

கடைசியில் கோப்புப் பிரிவு அலுவலரையே நேரில் பார்க்கப் போனோம். தலைக்குச் சாயம் பூசி மூன்று வாரம் ஆகியிருந்தது, வேரெல்லாம் வெள்ளை. மேஜையில் எல்லாமே கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. பேனா, பசைப் புட்டி, கத்தரிக்கோல், எல்லாம்.

"நாலு மாடிக்கு நாலு நாளா சார்?" என்று கேட்டேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. பெருமைதான் வந்தது. "முதல் நாள் கோப்பை அடுக்குவோம். ரெண்டாவது நாள் அடுக்கினதை எண்ணுவோம். மூணாவது நாள் கிளம்பிடுச்சுன்னு பதிவோம். நாலாவது நாள் வண்டி போகும். இதுல எந்த நாளைம்மா குறைக்கச் சொல்றீங்க?"

"ரெண்டு துறைக்கும் ரெண்டு கோப்பு வெச்சா?"

"ஒரு ஆளுக்கு ஒரு கோப்புதான். ரெண்டு கோப்புன்னா ரெண்டு ஆள் வேணும்." சொன்னவர் என் வயிற்றைப் பார்த்தார். கண் மின்னியது. "அட, இருக்காங்களே!"

குழந்தை பெயரில் ஒரு கோப்பு திறக்க முடிவாயிற்று. பெயர் என்ற இடத்தில் 'இன்னும் இல்லை' என்று எழுதினார். தொழில், 'இல்லை'. பிறந்த தேதி என்ற இடத்தில் நான்கு மாதம் தள்ளி ஒரு தேதியைப் போட்டதும் கணினி ஏற்க மறுத்தது. நோயாளி பிறந்த பிறகு வரவும் என்றது.

"அப்ப நேர்ல வரச் சொல்லுங்க, கையாலயே பதிஞ்சிடறேன்" என்றார்.

"வந்திருக்கு சார்" என்றேன்.

"தனியா வரணும்மா."

முயற்சி தோற்றதற்கு அத்தாட்சியாக ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். பேனா விரலில் நிற்கவில்லை, இரண்டு முறை உருண்டது. "கைநாட்டு வைங்க" என்று மைப்பெட்டியைத் தள்ளினார். வைத்தேன். அவருடைய பதிவேட்டில் இரண்டே கட்டம். கையெழுத்திடுபவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். இரண்டாவதில் டிக் அடித்தார். பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போட்டியில் நான்கு முறை பரிசு வாங்கிய நான் அன்று மதியம் பன்னிரண்டே காலுக்கு எழுதப் படிக்கத் தெரியாதவள் ஆனேன்.

அன்று சாயங்காலம் சமையலறையில் மூன்று கிலோ மாவுப் பை ஒன்று இருந்தது. பிறக்கும்போது குழந்தை ஏறக்குறைய அந்த எடை இருக்கும் என்று ஒரு நினைப்பு. யாரும் இல்லாத நேரம் பார்த்து அதை மடியிலிருந்து தூக்கிக் கையில் ஏந்திப் பார்த்தேன். மார்புவரை வந்தது. பிறகு கை தானாக விரிந்துகொண்டது. பை தரையில் விழுந்து வெடித்து அறை முழுக்க மாவு. எனக்குப் பயத்தில் அழுகைகூட வரவில்லை. நடக்க முடியாமல் போனாலும் போகட்டும், முடி வெட்டாமலும் இருந்துவிடலாம். குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ என்ற ஒன்றைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சத்தம் கேட்டு அத்தை வந்தார். அத்தை என்றால் என் மாமியார். முப்பத்தோரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலியில் வெள்ளையாக உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். துடைப்பத்தை எடுத்து மாவு முழுவதையும் கூட்டி முடித்தார்.

பிறகு, "ஆறுக்கும் ரெண்டுக்கும் நடுவுல எத்தனை ஸ்டாப்?" என்றார்.

"மூணு மாடி, அத்தை."

"மூணு ஸ்டாப்புக்கு நாலு நாள். என் வண்டி டயர் வெடிச்சுக்கூட இவ்வளவு லேட்டானதில்ல" என்று சொல்லிவிட்டு அலமாரியின் மேலிருந்து பழைய டிரங்குப் பெட்டியை இறக்கினார்.

திங்கட்கிழமை காலை ஆறாவது மாடியில் எனக்கு நான்காவது முறையாக முழங்காலில் தட்டி, புதுச் சீட்டு எழுதினார்கள். கோப்பு வெளியே போகும் தட்டில் விழுந்தது. அந்த நேரம் அத்தை வந்தார். காக்கிச் சட்டை, தோளில் தோல் பை, காதில் பென்சில், கழுத்தில் விசில். மருத்துவமனைக் கோப்பு ஊழியர்களுக்கும் காக்கிதான். எழுத்தர் தலை நிமிரவில்லை.

"ரெண்டாவது மாடி எத்தனை?" என்றார் அத்தை, முப்பத்தோரு வருடக் குரலில்.

எழுத்தர் திடுக்கிட்டு என் கோப்பைக் கொடுத்தார். அத்தை கையை மடக்கவில்லை. "மத்த ஸ்டாப்பெல்லாம்?" எழுத்தர் அந்த அறையில் தேங்கிக் கிடந்த இன்னும் நாற்பத்து மூன்று கோப்புகளை எடுத்துக் கொடுத்தார். எதற்கென்று கேட்கவில்லை. காக்கி கேட்டால் கொடுப்பது அங்கே வழக்கம்.

அத்தை லிஃப்டுக்குள் ஏறி நின்று விசில் ஊதினார். "அஞ்சாவது மாடி, கண்ணு! இறங்கறவங்க இறங்குங்க, படியில நிக்காதீங்க!" ஐந்தில் பன்னிரண்டு கோப்பு இறங்கியது. நான்கில் எலும்பு, மூன்றில் காது மூக்கு. பிரசவத் துறைத் தலைவி ஃபோனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார், இடது பக்கம் சீல் விழுந்தது, ஒரு விசில், மறுபடி மேலே. நான் ஆறாவது மாடி நடைவழியில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போய் வரப் பதினோரு நிமிடம்.

பதினொன்றரைக்கு ஒரு நர்ஸ் வந்து கோப்பைப் பிரித்தாள். சீட்டைப் பார்த்தாள், இசைவைப் பார்த்தாள், இரண்டிலும் ஒரே தேதியைப் பார்த்தாள். பிறகு அத்தையின் விசிலைப் பார்த்தாள். போய்க் குளிர்பெட்டியைத் திறந்தாள்.

முதல் பாட்டில் சொட்டத் தொடங்கியதும் நான் அழுதேன். நன்றாகவே அழுதேன்.

ஐந்து நாள் மருந்து. நான்காவது நாள், வியாழக்கிழமை, என் கட்டிலைச் சுற்றி விசாரணைக் குழு ஒன்று வந்து உட்கார்ந்தது. தலைமை, துணை இயக்குநர். அவர் வைத்திருந்தது விக், அதுவும் கொஞ்சம் வலப்பக்கமாகச் சரிந்திருந்தது. தொழில் தர்மம், நான் சொல்லவில்லை.

கோப்புப் பிரிவு அலுவலர் இரண்டு பதிவேடுகளைத் திறந்து வைத்தார். அங்கே முறைப்படிதான் எல்லாம் நடந்திருந்தது. திங்கட்கிழமை நாற்பத்து நான்கு கோப்புகளையும் அடுக்கியதாகப் பதிந்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை நாற்பத்து நான்கையும் எண்ணி, சரியாக இருக்கிறது என்று மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். புதன்கிழமை, கிளம்பியது. ஆனால் இரண்டாவது மாடிப் பதிவேட்டில் என் கோப்பு திங்கட்கிழமையே வந்து சேர்ந்திருந்தது.

"இந்த நிறுவனத்தோட அறுபது வருஷ வரலாற்றுல" என்று துணை இயக்குநர் எழுந்து நின்றார், "ஒரு கோப்பு கிளம்பறதுக்கு முன்னாடி போய்ச் சேந்ததே இல்ல. இது ஒரு கோப்போட பிரச்சினை இல்ல. அன்னிக்கு ஒரே நாள்ல நாற்பத்து மூணு நோயாளிங்களுக்கு வைத்தியம் நடந்திருக்கு. அதுல முப்பது பேர் குணமாகி வீட்டுக்கே போயிட்டாங்க! இதுக்கு யார் பொறுப்பு?"

குழு தலை குனிந்தது. காக்கி அணிந்த, அடையாளம் தெரியாத ஊழியர் ஒருவர் அளவுக்கு மீறிய வேகத்தில் பணியாற்றியதற்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பத் தீர்மானித்தார்கள். அத்தை என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். இப்போது வேறு உடையில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

"பதிவேட்டின்படி கோப்பு புதன்கிழமைதான் கிளம்பியிருக்கு" என்று அலுவலர் முடிவுரை படித்தார். "ஆகவே திங்கட்கிழமை இசைவு பெறப்படலை. ஆகவே நோயாளிக்கு மருந்து கொடுக்கப்படலை."

என் கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்தைப் பார்த்தேன். "அப்ப இது என்னங்க?"

"அது விசாரணையில இருக்கு."

கழற்றச் சொல்லிவிடுவார்கள். இன்னும் ஒரு பாட்டில் பாக்கி, அதற்குப் பிறகு மாதாமாதம் வேறு ஏற்ற வேண்டும். அத்தை ஆரஞ்சு உரிப்பதை நிறுத்திவிட்டார்.

அப்போது அந்த நர்ஸ் பணிவாக ஒரு சந்தேகம் கேட்டாள். "சார், நிறுத்தணும்னா எனக்கு எழுத்துல ஒரு உத்தரவு வேணும். கொடுத்திட்டிருக்கோம்னு இருந்தாதானே நிறுத்தச் சொல்லி உத்தரவு போட முடியும்?"

துணை இயக்குநர் யோசித்தார். விக் இன்னும் கொஞ்சம் சரிந்தது. அலுவலர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார், இருவரும் காதோடு காதாகப் பேசினார்கள்.

"கொடுக்காத மருந்தை நிறுத்த விதியில இடமில்ல" என்று துணை இயக்குநர் தீர்ப்பளித்தார். "இப்ப இருக்கற நிலையே தொடரட்டும்."

அப்படியே தொடர்ந்தது. பிரசவம்வரை மாதம் ஒருமுறை எனக்கு அந்த மருந்தைக் கொடுக்காமல் இருந்தார்கள். வெள்ளைச் சீட்டில் 'வழங்கப்படவில்லை' என்று எழுதி, பாட்டிலை மாட்டிவிட்டுப் போவாள் நர்ஸ். மூன்றாம் வாரத்தில் பாதத்தில் தரையின் குளிர் தெரிந்தது. ஆறாம் வாரத்தில் பொத்தான் போட்டேன். எட்டாம் மாதம் நரம்புத் துறைத் தலைவர் வழக்கம்போல முழங்காலில் தட்ட, கால் எகிறி அவர் கையிலிருந்த சுத்தியலைத் தள்ளிவிட்டது. பதினோரு மாணவர்களும் கைதட்டினார்கள். அவர் மட்டும் வாடிப்போனார். "போச்சு" என்றார். "இப்ப நீங்க எல்லாரையும் மாதிரிதான்மா."

அதைவிட நல்ல வார்த்தையை எனக்கு யாரும் சொன்னதில்லை.

பெண் குழந்தை. மூன்று கிலோவுக்கு நூறு கிராம் குறைவு. முதன்முதலாக நர்ஸ் அவளை நீட்டியபோது எனக்கு மாவுப் பைதான் நினைவுக்கு வந்தது. கையை இறுக்கி வைத்துக்கொண்டேன். அவள் மார்புவரை வந்தாள், அங்கேயே இருந்தாள்.

வீடு திரும்பும் நாள் திங்கட்கிழமையாக அமைந்தது. கோப்புப் பிரிவில் கடைசித் தாள். குழந்தையை இடது கையில் ஏந்திக்கொண்டு, வலது கையால் பேனாவை வாங்கி என் பெயரை அழகாக, சுழித்து, கீழே ஒரு கோடும் இழுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

அலுவலர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "இது செல்லாதும்மா. ரெக்கார்டுல நீங்க எழுதப் படிக்கத் தெரியாதவங்க."

"இப்ப உங்க கண்ணு முன்னாலதானே சார் எழுதினேன்?"

"மருந்தே கொடுக்கலையே, அப்புறம் கை எப்படி சரியாகும்? கைநாட்டு வைங்க."

வைத்தேன். என் வீட்டுக்காரர், "அவ்வளவுதான், கிளம்பலாம்" என்று பையைத் தூக்கினார்.

"குழந்தை கால்ல இருக்கற அடையாள வளையத்தை வெட்டணும்" என்றார் அலுவலர். "அது மருத்துவமனைச் சொத்து. வெட்டற ஊழியர் புதன்கிழமைதான் வருவாரு. அதுவரைக்கும் குழந்தை இங்க இருக்கட்டும்."

வீட்டுக்காரர் பையைக் கீழே வைத்தார். அத்தையின் கை கழுத்துப் பக்கம் போனது. நான் மேஜையில் கயிற்றோடு கட்டியிருந்த கத்தரிக்கோலைப் பார்த்தேன். மட்டமான கத்தரி, முனை மழுங்கியது. கயிறு ஒரு முழம் இருக்கும்.

"அது அலுவலகக் கத்தரி!" என்றார் அவர். "நீங்க கை நடுங்கற கேஸ், கோப்புல இருக்கு!"

குனிந்து மேஜையோடு ஒட்டி நின்றேன். அந்தக் கணுக்கால் என் சுண்டுவிரல் பருமன்தான் இருந்தது. வளையத்துக்கும் தோலுக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடம். அவள் வேறு சும்மா இல்லாமல் உதைத்துக்கொண்டிருந்தாள். பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அடுத்த உதைக்கு அவள் காலை இழுக்கும்வரை காத்திருந்து, ஒரே வெட்டு. வளையம் மேஜையில் விழுந்தது. அவள் கொட்டாவி விட்டாள். கத்தரிக்கோல் விழவில்லை, நானாகத்தான் அதைக் கீழே வைத்தேன்.

அத்தை இரண்டு விசில் கொடுத்தார். "ரைட், போலாம்!"

நாங்கள் கிளம்பினோம். பதிவேட்டில் அது புதன்கிழமை என்றுதான் இருக்கும்.